மாப்பிள்ளையின் குதிகால்

குதிரைமேல் ஏறுகிறவர்கள் எல்லாரும் கையைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். கடிவாளத்தை எப்படிப் பிடிப்பது, இழுத்தால் நிற்குமா, விட்டால் ஓடிவிடுமா என்றெல்லாம் என் வீட்டுக்காரரிடம் கேட்பார்கள். காலை எங்கே வைப்பது என்று ஒருத்தர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பெரிய விஷயம் எதுவும் எனக்குத் தெரியாது. குதிரைமேல் காலைத் தொங்கவிடுவது எப்படி என்பது மட்டும் தெரியும். அதைக் கற்றுக்கொண்ட கதையை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

என் வீட்டுக்காரர் திருப்பதிக்குப் பக்கத்தில் புத்தூரில் ஜட்கா வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ரயிலில் வந்து இறங்குகிறவர்களைக் கடைத்தெருவுக்கும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் கொண்டுபோய் விடுவார். பஸ்கள் அதிகமானபோது ஜட்காவுக்கு ஆள் குறைந்தது. அதனால் கல்யாண மாதங்களில் குதிரையை மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். திருப்பதிக்குப் போய் யாரோ போட்டுவைத்திருந்த பழைய சேணம் ஒன்றை வாங்கிவந்தார். அதன்மேல் சிவப்பு வெல்வெட் துணி போர்த்தி, ஓரத்தில் சரிகை வைத்து நான்தான் தைத்துக் கொடுத்தேன். கால் வைக்க இரண்டு பக்கமும் இரும்பு வளையங்கள் தொங்கும். அது யாரோ ஒல்லிக்கால் துரைக்குச் செய்த சேணம் போலிருக்கிறது. வளையங்கள் குறுகலாக இருந்தன.

குதிரை செவலை நிறம். அதனால் செவலை என்றே கூப்பிட்டோம். சாதுவான பெண்குதிரை. எனக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டாவது வருஷம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் விடியற்காலை போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். எனக்கோ நாலு பேர் எதிரில் பேச்சு வராது. கடையில் பருப்பு வேண்டுமென்றால் மூட்டையைக் கையால் காட்டுவேன். அக்கம்பக்கத்தார் தெலுங்கில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவேன். செவலையிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசுவேன். கொள்ளு வேகவைக்கும்போது, புல் உதறிப் போடும்போது, அன்றைக்கு நடந்ததை எல்லாம் அதற்குச் சொல்வேன். காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை குதிரை ஏறியதும் பெண்ணின் அண்ணனோ தம்பியோ வந்து அவர் காலில் புதுச் செருப்பு மாட்டிவிடுவான். அந்தச் செருப்பை அளவு பார்த்து வாங்கக் கூடாது. ஒரு விரற்கடை பெரிதாகவே தைக்கச் சொல்வார்கள். வாழ்வு பெருகட்டும் என்று அதற்கு அர்த்தம். அந்த இரண்டு செருப்போடும் மாப்பிள்ளை பந்தல்வரை வந்து சேர வேண்டும். மச்சான்தான் அதைக் கழற்றிக் கால் கழுவிவிட வேண்டும். வழியில் செருப்பு விழுந்துவிட்டால் பெண் வீட்டுப் பெண்டுகள் சும்மா விடமாட்டார்கள். "செருப்பையே புடிச்சிக்கத் தெரியல, எங்க பொண்ண எப்பிடிப் புடிச்சிக்குவாரு?" என்று பந்தியில் சோறு போடுகிறவரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

முதல் இரண்டு கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மூன்றாவது கல்யாணத்தில் செவலை மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒரு வைக்கோல் போரில் தள்ளிவிட்டது. அடி இல்லை. எல்லாரும் சிரித்துவிட்டுப் போனார்கள். அடுத்தது பிச்சாட்டூரில். மேளம் ஆரம்பித்ததும் செவலை எகிறியிருக்கிறது. என் வீட்டுக்காரர் தலைக்கயிற்றைப் பிடித்தபடியே கூட ஓடியிருக்கிறார். மாப்பிள்ளை விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எங்கள் ஊரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர்கள் இருக்கவே, அந்த மனுஷரை ராத்திரியோடு இங்கே கொண்டுவந்து கட்டி, மூங்கில் தப்பை வைத்த கையோடு மறுநாள் தாலி கட்ட வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. செவலையின் பக்கம்கூடப் போகவில்லை.

"இன்னொரு தபா இது மாப்ளயக் கவுத்துச்சின்னா அவ்ளோதான்" என்றார். "ஏர்பேட்டு சூளைக்காரரு கேட்டுக்கினே இருக்காரு. குடுத்துடுவேன். கல்லு சொமக்கட்டும்."

"மெரண்டிருக்கும்" என்றேன்.

"மோளச் சத்தம் அதுக்கு ஆவல."

"ரயிலு ஊதுறப்ப மெரள்றதில்லியே?"

"ரயிலு வேற, மோளம் வேற. உனக்கு இன்னா தெரியும்? ஊட்டுக்குள்ள இருந்துக்கினு."

 செங்கல் சூளைக்காரர் அடுத்த வாரமே வந்தார். செவலையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். முதுகில் உள்ளங்கையால் இரண்டு அடி அடித்துப் பார்த்தார்.

"ஓடுற குதுரையா? எங்கிட்ட வந்தா ஓடறதுக்கு ஏது நேரம்? முதுவுல கல்ல ஏத்திட்டா எல்லாம் சாதுவாயிடும்" என்றார்.

"தை மாசம் ஒரு கல்யாணம் ஒத்துக்கினுகீறேன். அது முடியட்டும். பாக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சூளைக் குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். முதுகில் இரண்டு பக்கமும் புண் ஆறாமல் ஈ மொய்த்துக்கொண்டு நிற்கும். செவலையை அங்கே அனுப்பக்கூடாது என்று நினைத்தேன். நினைத்து என்ன செய்வது? அது ஏன் ஓடுகிறது என்றே யாருக்கும் தெரியவில்லையே.

அந்த வருஷங்களில் எங்கள் ஊர் எந்த ராஜ்யத்தில் இருக்கும் என்பதும் யாருக்கும் தெரியாது. ஆந்திரா மெட்ராஸிலிருந்து தனியாகப் பிரிந்துவிட்டது. எல்லைக்கோடு எங்கே போடுவது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வாரம் தெலுங்குக்காரர்கள் கூட்டம் போடுவார்கள், மறு வாரம் தமிழர்கள் கூட்டம் போடுவார்கள். இரண்டு கட்சிக்கும் ஊர்வலத்துக்குக் குதிரை வேண்டும். ஊரில் சேணம் உள்ள குதிரை எங்களுடையது ஒன்றுதான்.

முதலில் ஆந்திரக் கட்சிக்காரர்கள் வந்து கேட்டார்கள். என் வீட்டுக்காரர் பயந்துகொண்டேதான் கொடுத்தார். மேலே ஏற வந்தவர் சித்தூர்ப் பக்கத்துப் பெரியவர். இரண்டு மூட்டை அரிசி கனம் இருப்பார். ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் கூட வந்தவர் கையில் கொடுத்தார். வெறுங்காலை வளையத்தில் நுழைத்துக்கொண்டார். "மெல்லகா, தல்லீ, மெல்லகா" என்று, மெதுவாகப் போம்மா என்கிற மாதிரி, செவலையின் கழுத்தைத் தட்டினார். ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போயிற்று. ஜன்னல் சந்தில் பார்த்தேன். மேளம், கொம்பு, கோஷம், போதாததற்கு வெடி வேறு. செவலை தேர் மாதிரி அசைந்து அசைந்து போனது.

அடுத்த வாரம் தமிழ்க் கட்சி. அவர்களுடைய தலைவர் ஒல்லியானவர். கான்வாஸ் பூட்ஸ் போட்டிருந்தார். அது வளையத்துக்குள் சுலபமாக நுழைந்தது. அன்றைக்கும் அதே மேளக்காரர்கள்தான். அதே சத்தம்தான். செவலை தலையைக்கூட உதறவில்லை.

"ரெண்டு ராஜ்யத்துக்கும் ஒத்துக்கிச்சு" என்றார் என் வீட்டுக்காரர், சேணத்தை அவிழ்த்துக்கொண்டே. "மாப்ளைங்களுக்கு மட்டும்தான் ஒத்துக்க மாட்டேங்குது. அதுக்குக் கல்யாணம்னாலே புடிக்கல போலக்கீது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் சத்தம் காரணம் இல்லை. வேறு ஏதோ இருக்கிறது. ஜன்னல் சந்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆட்களின் காலும் குதிரையின் வயிறும்தான். அந்தப் பெரியவரின் கால் கண்ணுக்குள்ளேயே நின்றது. செவலையின் வயிற்றுக்கும் அவர் குதிகாலுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம் இருந்தது.

தினமும் காலையில் செவலையை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தண்ணீர் காட்டுவது என் வேலை. ஆற்றில் தண்ணீர் ஓடாது. மணலில் ஊற்று தோண்டி வைத்திருப்போம். மறுநாள் சேணத்தையும் கட்டிக்கொண்டு போனேன். அவருடைய பண்டிகைச் செருப்பை முந்தானையில் மறைத்து எடுத்துக்கொண்டேன். ஆற்றில் யாரும் இல்லை. வெகுதூரத்தில் துணி வெளுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நாற்று நடும்போது கட்டுவதுபோலப் புடவையைக் கால்களுக்கு நடுவில் இழுத்துச் செருகிக்கொண்டேன். ஒரு பாறையை ஒட்டிச் செவலையை நிறுத்தி, பாறைமேல் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

முதலில் வெறுங்காலை வளையத்தில் வைத்தேன். வளையத்து வார் மிகவும் குட்டையாக இருந்தது. மாப்பிள்ளை உயரமாகத் தெரியட்டும் என்று என் வீட்டுக்காரர் தூக்கிக் கட்டியிருந்தார். முழங்கால் இரண்டும் மேலே ஏறிக்கொண்டது. களத்தில் குந்தி உட்கார்ந்து கல் பொறுக்குகிற மாதிரி இருந்தது. செவலை ஒரு அடி வைத்தால் நான் ஒரு சாண் எகிறினேன். வாரைக் கடைசித் துளைக்கு இறக்கினேன். அதுவும் போதவில்லை. பிறகு வீட்டில் கோணி ஊசியைக் காய்ச்சி இன்னும் இரண்டு துளை போட்டேன். ஆனால் அன்றைக்கு அப்படியே கொஞ்ச தூரம் போனேன். செவலை அமைதியாகத்தான் நடந்தது.

பிறகு இறங்கி அவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறினேன். என் காலுக்கு அது பெரியது. வளையத்துக்குள் நுழையவே இல்லை. சரி என்று காலை வெளியே தொங்கவிட்டேன். செவலை நாலு அடி வைத்ததும் செருப்பு நழுவியது. விழப்போகிறதே என்று, யோசிக்காமலே, அதை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். செவலை வேகமாக நடந்தது. செருப்பு இன்னும் நழுவியது. நான் இன்னும் அழுத்தினேன். அது ஓட ஆரம்பித்தது. பயத்தில் இரண்டு குதிகாலாலும் அதைக் கட்டிப்பிடித்தேன். அவ்வளவுதான். அடுத்தது எனக்குத் தெரிந்தபோது மணலில் மல்லாந்து கிடந்தேன்.

செவலை கொஞ்சம் தள்ளி நின்று திரும்பிப் பார்த்தது. 'நீதானே ஓடச் சொன்னாய், நீயே இறங்கிவிட்டாயே' என்கிற மாதிரி இருந்தது அதன் பார்வை. என் காலைப் பார்த்தேன். இரண்டு செருப்பும் பத்திரமாகக் காலிலேயே இருந்தன. முதுகு வலியோடு அப்படியே உட்கார்ந்து சிரித்தேன். பிச்சாட்டூர் மாப்பிள்ளையும் இப்படித்தான் விழுந்திருப்பார். மணிக்கட்டு போனாலும் செருப்பு போயிருக்காது. முதல் இரண்டு மாப்பிள்ளைக்கும் செருப்பு எப்படியோ காலுக்குப் பொருந்தியிருக்கும்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஏறினேன். காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் காலை எப்படி வைத்தால் சரி என்று தெரிந்தால்தானே இன்னொருத்தருக்குச் சொல்ல முடியும்? காலை நேராக வைக்க வேண்டும் என்று நினைத்தால் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டது. முழங்காலால் சேணத்தை இறுக்கிப் பிடித்தால், ஈரச் சோப்பை அழுத்தினால் கையிலிருந்து எகிறுமே, அந்த மாதிரி நான் மேலே எகிறினேன். குதிகாலைக் கீழே தள்ளிப் பார்த்தேன். பாதம் முன்னால் போய் உடம்பு பின்னால் சாய்ந்தது.

ஒருநாள் களைத்துப்போய், செய்வது எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இரண்டு முழங்காலையும் சேணத்தைவிட்டுக் கொஞ்சம் விலக்கினேன். பிறகு தானாக விழட்டும் என்று விட்டேன். தொடை இடுப்பிலிருந்து நீளமாக இறங்கியது. ஈரப் புடவையைக் கொடியில் போட்டால் தன் கனத்திலேயே தொங்கும், அதுபோல. பாதத்தின் அகலமான பகுதி வளையத்தில் படிந்தது. குதிகாலை நான் தள்ளவில்லை, அதுவே கீழே போயிற்று. குனிந்து பார்த்தேன். முழங்கால் தெரிந்தது, கால் கட்டைவிரல் தெரியவில்லை. விரல் தெரிந்தால் கால் முன்னால் போய்விட்டது என்று பிறகு கண்டுகொண்டேன். உட்காரும் எலும்பு இரண்டும் சேணத்தில் நன்றாக அமர்ந்தன. செவலை பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தி நடந்தது. அன்றைக்கு அது ஓடியபோதுகூட நான் விழவில்லை. கெண்டைக்கால் லேசாக ஒட்டினால் நடந்தது. விலக்கினால் நிதானித்தது.

என் வீட்டுக்காரர் ஒருநாள் என் தலையில் மணலைப் பார்த்துவிட்டார்.

"இன்னாமே இது? ஆத்துல புரண்டியா?"

"விழுந்தேன்."

"எங்கேர்ந்து?"

செவலையைக் காட்டினேன்.  பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவரிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். அவர் நம்பவில்லை. "செருப்பால ஓடுதா? இன்னா கத உடற?" என்று தம் செருப்பை மாட்டிக்கொண்டு, கொல்லையிலேயே செவலைமேல் ஏறினார். நான் தலைக்கயிற்றை விட்டேன். நாலு அடிதான். செருப்பு நழுவ, அவர் அழுத்த, செவலை அவரைத் தூக்கிக்கொண்டு வேலியை நோக்கிப் போனது.

"புடிமே! புடி! அய்யோ, புடிமே!"

"கால வுடுங்க! அழுத்தாதீங்க!"

"வுட்டா செருப்பு போய்டும்மே!"

"போவட்டும்!"

காலை விட்டார். ஒரு செருப்பு முருங்கை மரத்தடியில் விழுந்தது. செவலை வேலிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இறங்கிவந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அப்புறம், "சரி, நீ சொன்னதுதான்" என்றார். "ஆனா மாப்ளைக்கு யாரு சொல்றது? போன தபாவே நானு, நிமிந்து ஒக்காரு சாமின்னு சொன்னேன். அவங்க பெரியப்பாரு, குதுரக்காரன் மாப்ளைக்கு ஒக்காரச் சொல்லித்தர்றானான்னு கேட்டுட்டாரு. செருப்பு அவங்க சம்பிரதாயம். அதுல நானு கை வெக்க முடியாது."

"அப்ப?"

"நீ வந்து சொல்லு. நீதான் கண்டுபுடிச்ச."

"நானா? அத்தினி பேரு நடுவுலயா?"

"நானு கயித்தப் புடிக்கணும். எனக்கு மூணு கையா கீது? வரலன்னா வுடு. சூளைக்காரரு தயாராத்தான் இருக்காரு."

தை மாதக் கல்யாணம் வடமாலபேட்டையில். செவலையே எங்களை ஜட்காவில் இழுத்துக்கொண்டு போனது. வழி முழுக்க நான் என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பிள்ளையார் கோயில் வாசலில் வண்டியிலிருந்து அவிழ்த்துச் சேணம் கட்டினோம். மாலை வெயில் மஞ்சளாக இருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் மனத்தில் வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட மிச்சமில்லை.

மாப்பிள்ளை நகரிக்காரர், நெசவு. மெலிந்த ஆள். பட்டு வேட்டியோடு ஏறி உட்கார்ந்தவுடனேயே குதிரையின் பிடரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெண்ணின் அண்ணன் ஆள் வாட்டசாட்டமாக இருந்தான். பெருமையோடு செருப்பைக் கொண்டுவந்தான். புதுத் தோல் வாசனை அடித்தது. விளிம்பு கத்திபோல இருந்தது. இரண்டு காலிலும் மாட்டிவிட்டு, "பத்தரம், மாப்ள. பந்தல்ல எண்ணிப் பாத்துதான் எடுத்துக்குவேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

மேளம் ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் மாப்பிள்ளையின் இடது கால் ஓரமாக நடந்தேன். பத்தடி போவதற்குள் செருப்பு நழுவுவதும், குதிகால் வயிற்றோடு ஒட்டுவதும் என் கண்ணெதிரில் நடந்தது. செவலையின் காது பின்னால் திரும்பியது. நடை மாறியது. என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அண்ணா" என்றேன். மேளத்தில் எனக்கே கேட்கவில்லை. "அண்ணா!" அப்போதும் இல்லை. அவர் வேட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். அவர் பயந்துபோய்க் குனிந்தார்.

"இன்னாம்மா?"

கெண்டைக்கால், குதிகால், தொடை என்று நான் ஆற்றில் கற்றுக்கொண்டது எதையும் ஒரு ஆம்பிளையிடம் சொல்ல நாக்கு எழவில்லை. என் பிறந்த வீட்டிலும் தறிதான். சட்டென்று அதுதான் வாயில் வந்தது.

"குழித்தறியில ஒக்கார்றீங்கல்ல, அப்பிடி ஒக்காருங்க. கால குழியில தொங்கவுட்டுக்கினு. மிதிக்காதீங்க."

"தறியிலயா?"

"ஆமா. இழை அறுந்துடிச்சி, யாரோ முடிச்சு போட்டுக்கினுகீறாங்க, நீங்க மிதிக்காம சும்மா ஒக்காந்துக்கினுகீறீங்க."

 அவர் சிரித்துவிட்டார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லத் தேவைப்படவில்லை. பத்து நாள் மணலில் விழுந்து எழுந்து நான் கற்றதை அந்த மனுஷர் ஒரு மூச்சில் செய்தார். தினம் பொழுதுக்கும் கால் தொங்கவிட்டு உட்காருகிற உடம்பு. தொடை இறங்கியது, முதுகு நிமிர்ந்தது, பிடரியைப் பிடித்த கை தானாக விட்டது. செவலை தலையைத் தாழ்த்தியது. கூடவே இடது செருப்பும் கீழே விழுந்தது.

"வுழுந்துட்ச்சி! வுழுந்துட்ச்சி!" என்று பெண்டுகள் கூவினார்கள். ஒருத்தி ஓடிவந்து செருப்பை எடுத்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள்.

"மாமா, கீழ வுழுந்தது இன்னான்னு பாருங்க! நாளைக்கு எங்க அக்காவ எந்தத் தெருவுல வுட்டுட்டு வருவீங்க?"

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. நான் மட்டும் வலது காலைப் பார்த்தேன். இதையாவது காப்பாற்ற வேண்டும் என்று அது மெல்ல மெல்ல வயிற்றை நெருங்கியது. அந்த நேரம் பார்த்து முன்னால் யாரோ அதிர்வேட்டுப் போட்டான். வலது குதிகால் நறுக்கென்று அழுந்தியது. செவலை பக்கவாட்டில் எகிறியது. என் வீட்டுக்காரர் கயிற்றோடு இழுபட்டார். கூட்டம் சிதறியது.

நான் எப்படி அந்தப் பக்கம் போனேன் என்று நினைவில்லை. மாப்பிள்ளையின் குதிகாலை இரண்டு கையாலும் பிடித்து வயிற்றிலிருந்து விலக்கினேன். செருப்பைக் கழற்றி என் கையில் எடுத்துக்கொண்டேன். வெறும் பாதத்தை வளையத்துக்குள் வைத்தேன். "இடது காலையும் வெச்சிக்குங்க" என்றேன். வைத்துக்கொண்டார். செவலை இரண்டு அடி தடுமாறி நின்றது. உடம்பு முழுக்க நடுங்கியது. அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டேன். 

மேளம் நின்றுவிட்டது. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

"மாப்ளைக்குக் கால் புடிக்க ஆள் வந்துக்கீது பாருடி!" என்றாள் ஒருத்தி.

பெண்ணின் அண்ணன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். "யாரும்மா நீ? நான் மாட்டின செருப்ப நீ எப்பிடிக் கழட்டலாம்? எங்க ஊட்டு வழக்கம் தெரியாதா உனக்கு?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவர் பேசினால் போன தடவை மாதிரிதான் ஆகும் என்று எனக்குத் தெரிந்தது.

"தெரியும்ணா" என்றேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "செருப்பு வுழக்கூடாதுன்னு அவரு அழுத்துறாரு. அழுத்தினா ஓடுன்னு இது நெனைச்சிக்குது. இது மேல தப்பில்ல. அவரு மேலயும் தப்பில்ல. செருப்பு எங்கிட்ட இருக்கட்டும். பந்தல்ல உங்க கையில குடுத்துடறேன். நீங்க மறுபடி மாட்டிக் கழட்டுங்க."

அவன் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு வயசான அம்மாவின் குரல் கேட்டது.

"ஏண்டாப்பா, பிச்சாட்டூருல நானும் இருந்தேன். அந்த மாப்ளே செருப்ப வுடவே இல்ல. கையிதான் ஒடிஞ்சிது. உனக்கு எது வேணும் சொல்லு, மச்சானா செருப்பா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேலேயிருந்து மாப்பிள்ளை, "மச்சான், அவங்க சொல்றபடி வுடுங்க. இப்பதான் எனக்கு உக்கார்ற மாதிரியே கீது" என்றார். அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலைக்குமேல் தூக்கிக் காட்டியவளிடமிருந்து இன்னொரு செருப்பையும் வாங்கி அவனே என் கையில் கொடுத்தான்.

பந்தல்வரை இரண்டு செருப்பையும் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். இன்னும் இரண்டு அதிர்வேட்டுப் போட்டார்கள். மாப்பிள்ளையின் கால் அசையவில்லை. செவலையும் காதை மட்டும் அசைத்தது. பந்தலில் அண்ணன் முறைப்படி மாட்டி, முறைப்படி கழற்றி, சொம்பை எடுத்துக் கால் கழுவினான். "கழுவ மண்ணே இல்ல" என்று முனகினான்.

செவலையை மறுபடி வண்டியில் பூட்டித் திரும்பினோம். புத்தூர் நெருங்கியபோது என் வீட்டுக்காரர், "இழை அறுந்துடிச்சின்னு சொன்ன பாரு" என்று தமக்குள் சிரித்துக்கொண்டார்.

அந்தத் தை மாதத்தில் இன்னும் இரண்டு கல்யாணம் வந்தது. குதிரையோடு குதிரைக்காரர் வீட்டு அம்மாவும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். விவசாயிகளுக்குத் தறி தெரியாது. அவர்களுக்கு, கிணற்று மேட்டில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுகிற மாதிரி என்று சொன்னேன். அதுவும் பலித்தது. பிறகு எல்லைக்கோடும் போட்டார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திரப் பக்கமே நின்றோம். இரண்டு பக்கத்திலிருந்தும் குதிரைக்கு ஆள் வந்துகொண்டுதான் இருந்தது.

மாசி பிறந்ததும் சூளைக்காரர் வந்தார். செவலையின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓட்டிக்கினு போலாமா?" என்றார்.

"குடுக்கறதுக்கில்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

"மறுபடி யாரையாவது கவுத்துச்சின்னா?"

"கவுக்காது. கால் பாக்க ஆள் கீது."

"யாரு?"

என் வீட்டுக்காரர் உள்ளே திரும்பி மோர் கொண்டுவரச் சொன்னார். வழக்கமாகச் சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அன்றைக்கு வெளியே வந்து சூளைக்காரர் கையிலேயே கொடுத்தேன்.

"வெயில்ல அவ்ளோ தூரம் வந்துக்கீறீங்க, குடிங்கண்ணா" என்றேன்.